நாலு பைட்டில் எண்ணும் எடையும்

பட்டறையில் அவளை நேரில் அக்கா என்பார்கள். அவள் காபி எடுக்க எழுந்து போனதும் நாலு பைட்டு என்பார்கள். எடைபோடும் இயந்திரங்கள் செய்கிற பட்டறை அது. மின்சுற்றுப் பலகையில் சிப் எனும் சில்லுகளைப் பொருத்திப் பற்றவைக்கும் வேலைக்குத்தான் அவள் அங்கே வந்தாள். தினமும் கையில் எடுத்து வைக்கிற இந்தச் சில்லுக்குள் என்னதான் நடக்கிறது என்கிற அரிப்புத் தாங்காமல், மதிய இடைவேளைகளில் சி என்கிற கணினி மொழியைத் தானே படித்துக்கொண்டாள். நிரல் எழுதிக்கொண்டிருந்தவர் வேறு வேலை கிடைத்துப் போனபோது முதலாளி காலி நாற்காலியை அவள் பக்கம் தள்ளிவிட்டு, "உக்காரும்மா, பாத்துக்கலாம்" என்றார். அவ்வளவுதான் பதவி உயர்வு.

முதலாளி வாங்கும் சில்லு சந்தையிலேயே மலிவானது. அதில் நிரல் தன் சாமான்களை வைத்துக்கொள்ள அறுபத்து நான்கு பைட் இடம் உண்டு. ஒரு பைட் என்றால் ஓர் ஆங்கில எழுத்தோ ஒரு சின்ன எண்ணோ உட்காரும் இருக்கை. அறுபத்து நான்கு இருக்கையுள்ள பேருந்து என்று வைத்துக்கொள்ளலாம். அதில் பதினாறு இருக்கை முதலாளியின் பெயருக்கு. இயந்திரத்தைப் போட்டதும் திரையில் அவர் பெயர், இனிஷியலோடும் இனிஷியலுக்கு அடுத்த புள்ளியோடும், வலமிருந்து இடமாக ஓட வேண்டும். பட்டறையில் மாற்ற முடியாத சட்டம் அது ஒன்றுதான்.

மிச்ச இருக்கைகளில் மற்ற எல்லாவற்றையும் அடைக்க வேண்டும். அடைப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அதற்கு அவள் கையாண்ட கருவி யூனியன்.

சி மொழியில் பல சாமான்களை ஒரே கட்டாக வைக்க ஸ்ட்ரக்சர் என்று ஒன்று இருக்கிறது. அதில் ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனி இடம். யூனியனை எழுதிப் பார்த்தால் அச்சு அசல் ஸ்ட்ரக்சர் போலவே தெரியும். உள்ளே பெயர்கள் வரிசையாக நிற்கும். ஆனால் அத்தனை பெயருக்கும் ஒரே இடம். எது பெரியதோ அது கொள்ளுகிற அளவுக்கு ஒரு பெட்டி. ஒன்றை வைத்தால் முன்பு இருந்தது போயிற்று. இப்போது உள்ளே இருப்பது என்ன என்பது பெட்டிக்குத் தெரியாது. வைத்தவர்தான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தசம எண்ணை வைத்துவிட்டு முழு எண்ணைக் கேட்டால் அது கோபித்துக்கொள்ளாது, இல்லை என்றும் சொல்லாது. உள்ளே கிடக்கிற ஒன்றுகளையும் பூஜ்ஜியங்களையும் முழு எண்ணாகவே வாசித்துக் காட்டிவிடும்.

இதைப் படித்த அன்று, எங்கோ பிரிந்துபோன உடன்பிறந்தாளைக் கண்டதுபோல இருந்தது அவளுக்கு. ஏனென்றால் அவள் வீடு ஏற்கெனவே அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. மேசைவிரிப்புதான் வெயில் வந்தால் ஜன்னல் திரை. அடுப்படி அலமாரியில் இருந்த தகர டப்பா காலையில் சர்க்கரைக்கு, மாலையில் கணவரின் திருகாணிகளுக்கு. கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவர் ஒருநாள் காபியில் இரண்டு ஸ்பூன் திருகாணி போட்டுக் கலக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"டப்பா மேல ஒரு சீட்டு ஒட்டினா என்ன? உள்ள என்ன இருக்குன்னு தெரியும்ல."

"சீட்டு எதுக்கு தண்டமா? என்ன இருக்குன்னு எங்கிட்ட கேட்டா சொல்லப் போறேன்."

"நீ குளிச்சுக்கிட்டிருந்த."

"குளிச்சு முடிச்சுட்டு வர்ற வரைக்கும் காபி ஓடியா போயிடும்?"

இவர்களுக்கு ஒரே மகள். குத்துச்சண்டைக்காரி. இருக்கிற இடம் தெரியாமல் வளர்ந்த பெண், கையில் உறையை மாட்டிவிட்டால் மட்டும் எதிரில் இருப்பவருக்கு இடமில்லாமல் செய்துவிடுவாள். இளையோருக்கான ஐம்பத்தேழு கிலோப் பிரிவில் அவள் ஆட இதுதான் கடைசிப் போட்டி. அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும், பிறகு பெரியவர்களோடுதான் அடியும் உதையும். எனவே எடை ஏறாமல் இருக்க அவள் வெள்ளரிக்காயைத் தின்று, வெள்ளரிக்காயைப் பார்த்தால் முறைக்கிற நிலைக்கு வந்திருந்தாள்.

அந்தப் போட்டி நடத்தும் சங்கம்தான் பட்டறையில் ஓர் இயந்திரம் செய்யச் சொல்லியிருந்தது. வழக்கமான இயந்திரம் போதாதாம். வீரரின் எண்ணை முதலில் அழுத்த வேண்டும்; பிறகு வீரர் ஏற வேண்டும்; எடை நிலைத்ததும் இயந்திரம் அதைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். எண் என்று ஒரு பொத்தான், எடை என்று ஒரு பொத்தான். அழுத்தினால் அதது தெரிய வேண்டும்.

எண்ணுக்கு நான்கு பைட், எடைக்கு நான்கு பைட். அவளிடம் மிச்சம் இருந்ததே நான்குதான். அவள் யோசிக்கக்கூட இல்லை. எண்ணை அழுத்தும்போது எடை இன்னும் வரவில்லை. எடை வந்த பிறகு எண்ணை யார் கேட்கப் போகிறார்கள்? இரண்டையும் ஒரே யூனியனில் போட்டாள். உள்ளே இருப்பது எண்ணா எடையா என்று குறித்துவைக்க இன்னும் ஒரு பைட் வைப்பதுதான் முறை என்று அவள் படித்த எல்லாப் பாடத்திலும் இருந்தது. டப்பாவில் ஒட்டும் சீட்டு மாதிரி. அந்த ஒரு பைட் அவளிடம் இல்லை. இருந்திருந்தாலும் வைத்திருக்க மாட்டாள்.

பட்டறையில் அவளே நூறு தடவை சோதித்துப் பார்த்தாள். எண், ஏறு, எடை. எண், ஏறு, எடை. ஒருமுறைகூடத் தவறவில்லை.

போட்டி நாள் காலையில் விளையாட்டு அரங்கின் பக்கத்து அறையில் இயந்திரத்தை வைத்தார்கள். ஈரப் பாய்களும் பிளாஸ்திரி வாசனையுமாக இருந்த அறை. முதலாளி வெளுத்த சட்டையில் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்து, தன் பெயர் திரையில் ஓடுவதை மூன்று தடவை போட்டுப் பார்த்துக்கொண்டார். சங்கத்தின் செயலாளர், பொத்தான் அழுத்துவதை இன்னொருவரிடம் விடுகிற ஆள் இல்லை. வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறவர்.

"ஆளுக்கு ஒரு தடவைதான் ஏறணும். மிஷின் மொதல்ல காட்டுறதுதான் முடிவு" என்று அறிவித்தார். முன்பு ஒருத்தன் ஏறி, இறங்கி, மொட்டையடித்துக்கொண்டு ஏறி, பல்செட்டைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறியதில் ஒரு போட்டியே மறுநாளைக்குத் தள்ளிப்போனதால் வந்த விதி அது.

வரிசையில் முதல் ஆள் மகள்தான். எடைபோடும் இடத்தில் பெற்றோர் நிற்கக் கூடாது என்பதால் அம்மா கதவுக்கு வெளியே நின்றாள்.

செயலாளர் பதினான்கு என்று அழுத்தினார். மகள் ஏறினாள். இயந்திரம் ஒரு கீச்சுக் குரல் கொடுத்து எடையைப் பிடித்துக்கொண்டது. அவள் இறங்கினாள். இப்போது எடைப் பொத்தானை அழுத்த வேண்டும். செயலாளர் கையைக் கொண்டுபோனார், பாதியில் நிறுத்தினார். ஏறியது பதினான்குதானா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டால் நல்லது. எண் பொத்தானை அழுத்தினார்.

திரையில் 1113718784 என்று ஓடியது.

அவர் அதை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தார். "நூத்திப் பதினோரு கோடியே முப்பத்தேழு லட்சத்துப் பதினெட்டாயிரத்து எழுநூத்தி எண்பத்திநாலு. இதாம்மா உன் நம்பர்?"

"பதினாலு சார்."

"மிஷின் வேற சொல்லுதே."

"பதினாலுன்னு நீங்கதானே சார் அழுத்தினீங்க?"

"நான் மனுஷன், தப்பு பண்ணுவேன். அது மிஷின்."

வீரர் எண்ணைத் துணியில் எழுதி முதுகில் குத்துவது அங்கே வழக்கம். இந்த எண்ணுக்கு ஒரு துணி போதவில்லை. இரண்டு துணிகளைச் சேர்த்து, தடித்த மையில் எழுதி, இந்தத் தோளிலிருந்து அந்தத் தோள் வரைக்கும் ஊசி குத்தினார்கள். அதன் பிறகும் செயலாளருக்கு மனசு ஆறவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று பதினான்கை மறுபடி அழுத்திவிட்டு, எடைப் பொத்தானை அழுத்தினார்.

திரை 0.00 என்றது.

"ஐம்பத்தேழு பிரிவுக்குக் கீழ்வரம்பு ஐம்பத்திநாலு. நீ கீழ போயிட்டம்மா."

"சார், நான் உங்க முன்னாடிதானே நிக்கிறேன்?"

"நிக்கிற. இல்லேன்னு யாரு சொன்னா? எடைதான் இல்ல."

மூலையில் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்த சங்கத்து டாக்டர் நிமிர்ந்தார். "பூஜ்ஜியமா? கடைசியா எப்ப சாப்பிட்ட?"

"நேத்து காலையில. வெள்ளரிக்கா."

"அதான் பாத்தேன்" என்றார் டாக்டர். தன் பையிலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழத்தையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்து மேசைமேல் வைத்தார். "சாப்பிடு. வேணாம்னா தகுதியில்லன்னு எழுதிக் குடுத்துடுவேன், அப்புறம் ஐம்பத்தேழு என்ன, எந்தப் பிரிவுலயும் ஆட முடியாது."

மகள் கதவு வழியாக அம்மாவைப் பார்த்தாள். அம்மா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 0.00 என்பதைக் கண்டதுமே அவளுக்கு நடந்தது புரிந்துவிட்டது. பதினான்கு என்கிற முழு எண்ணின் கோலத்தைத் தசம எண்ணாக வாசித்தால், புள்ளிக்குப் பின்னால் நாற்பத்துச் சொச்சம் பூஜ்ஜியம் தாண்டித்தான் ஏதோ ஒன்று வரும். திரையில் இரண்டு இடம்தான் தெரியும். விதியை மறந்து உள்ளே போனாள்.

"சார், மறுபடி ஏத்துங்க. எண்ணைப் போட்டு, ஏத்தி, நேரா எடைய அழுத்துங்க. சரியா வரும்."

"என்ன கோளாறு அதுல?"

"கோளாறு இல்ல சார். ரெண்டுக்கும் ஒரே டம்ளர். நம்பர ஊத்தினா எடை போயிடும், எடைய ஊத்தினா நம்பர் போயிடும். நீங்க எடை இருக்கறப்போ நம்பரக் கேட்டீங்க. இருந்தத நம்பரா படிச்சுக் காட்டிடுச்சு."

"உள்ள என்ன இருக்குன்னு அதுக்கே தெரியாதா?"

"தெரியாது."

"யாருக்குத்தான் தெரியும்?"

"எனக்கு."

"நீ எங்க இருந்த?"

அவள் கதவுக்கு வெளியே கைகாட்டினாள்.

"அந்த மிஷினுக்கே தெரியற மாதிரி பண்ணு. அப்புறம் உன் திருப்திக்கு ஒரு தடவை ஏறட்டும். டாக்டர் பதினோரு மணிக்குக் கிளம்பிடுவாரு, அதுக்குள்ள முடியணும்."

ஆக, அந்த ஒரு பைட் வேண்டும். மடிக்கணினியைத் திறந்து நிரலை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். ஓர் இருக்கைகூடக் காலியில்லை. எல்லாவற்றையும் அடைத்ததே அவள்தான். பிறகு மெல்ல முதலாளியின் பக்கம் திரும்பினாள்.

"முதலாளி, ஒரு எழுத்து குடுங்க."

"எதுலேருந்து?"

"உங்க பேருலேருந்து."

முதலாளி நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டார். "கடைசி எழுத்த எடுத்தா நான் வேற ஆளு. இனிஷியல எடுத்தா எங்கப்பா யாருன்னு கேப்பாங்க."

"நடுவுல?"

"நடுவுல எடுத்தா அது பொம்பள பேரு. நான் சின்ன வயசுலயே எழுதிப் பாத்திருக்கேன்."

இருவரும் திரையில் ஓடும் பெயரையே கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பின்னால் டாக்டர், "இன்னொன்னு" என்று சொல்வது கேட்டது.

"புள்ளி?" என்றாள் அவள்.

"புள்ளிக்குமா ஒரு பைட்டு?"

"புள்ளிக்கும் ஒரு பைட்டுதான்."

"புள்ளி போனா இனிஷியல் பேரோட ஒட்டிக்கும்மா. ஒட்டினா என்ன வருதுன்னு மனசுக்குள்ள படிச்சுப் பாரு."

அவள் மனசுக்குள் படித்தாள். தரையைப் பார்த்துக்கொண்டாள்.

"இன்னிக்கி ஒரு நாளு மட்டும்" என்றார் முதலாளி, பல்லைப் பிடுங்கக் கொடுப்பவர் போல.

அவள் புள்ளியை எடுத்தாள். அந்த இருக்கையில் குறியை வைத்தாள்: எண் வைத்தால் ஒன்று, எடை வைத்தால் இரண்டு. ஒன்று இருக்கும்போது எடையைக் கேட்டாலோ இரண்டு இருக்கும்போது எண்ணைக் கேட்டாலோ இயந்திரம் பொய் சொல்லாமல் கோடு மட்டும் போடும். சில்லில் ஏற்றினாள். இயந்திரத்தைப் போட்டதும் பெயர் ஓடியது. முதலாளி சட்டென்று எழுந்து திரையை மறைத்துக்கொண்டு நின்றார்.

மகள் மறுபடி ஏறினாள். எடைப் பொத்தான்.

57.30.

அம்மா மேசையைப் பார்த்தாள். வாழைப்பழத் தோல்கள் அடுக்காகக் கிடந்தன. தண்ணீர் பாட்டிலில் ஒரு சொட்டு இல்லை.

"யாரு சாப்பிடச் சொன்னா?"

"டாக்டர்."

"பூஜ்ஜியத்துலேருந்து ஐம்பத்தேழு" என்றார் டாக்டர் மனநிறைவோடு. "நல்லா தேறிட்டா."

எதிராளிப் பெண்ணின் பயிற்சியாளர் இதுவரை சுவரில் சாய்ந்து ரசித்துக்கொண்டிருந்தவர், நிமிர்ந்தார். "மேல போயிடுச்சு சார். எங்க பொண்ணு ஜெயிச்சதா எழுதிடுங்க."

"மொதல்ல கீழ இருந்தா, இப்ப மேல இருக்கா" என்றார் செயலாளர் யோசனையாக. "நடுவுல எப்பவோ ஒரு நேரம் ஐம்பத்தேழுக்குள்ள இருந்திருப்பா, பாவம். ஆனா அப்ப யாரும் பாக்கல."

மகள் சுவர்ப்பக்கம் திரும்பி நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றாள். தோள்கள் குலுங்கின. அவற்றோடு சேர்ந்து நூற்றுப் பதினோரு கோடியும் குலுங்கியது.

அம்மா அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். யாரையும் தேற்றத் தெரியாத அவளுக்கு, கணக்கு மட்டும் ஓடும். அந்த எண்ணைப் பார்த்தபோது இயந்திரத்துக்குள் என்ன இருந்தது? எடை. காலை வெறும் வயிற்று எடை. தப்பான பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், அது வேறு வேஷத்தில் வந்தது. ஆனால் வந்தது அதேதான். ஓர் ஒன்றோ பூஜ்ஜியமோகூட இடம் மாறவில்லை.

"சார், அது நம்பர் இல்ல. அவ முதுகுல இருக்கறது எடை."

"எடையா? அப்ப சங்கத்துல எந்தப் பிரிவும் பத்தாது" என்றார் பயிற்சியாளர்.

"அத அப்படியே எண்ணா உள்ள போட்டு, எடைன்னு கேட்டா, அந்த நேரத்து எடை வரும். பாருங்க."

மகளின் முதுகைப் பார்த்துப் பத்து இலக்கத்தையும் அழுத்தினாள். எடைப் பொத்தானை அழுத்தினாள். இயந்திரம் கோடு போட்டது. மறுபடி அழுத்தினாள். மறுபடி கோடு.

அவளே வைத்த சீட்டு. உள்ளே இருப்பது எண், எடையென்று கேட்டால் காட்ட மாட்டேன் என்று, அவள் சொல்லிக் கொடுத்தபடியே அது ஒழுக்கமாக நின்றது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சீட்டு ஒட்டினாள். அது அவள் வாயையே அடைத்துவிட்டது.

"பழைய நிரலையே திருப்பி ஏத்தணும்" என்றாள்.

திரைக்கு முன்னால் நின்ற முதலாளி பரபரப்பானார். "அப்ப புள்ளி?"

"வந்துடும்."

"ஏத்தும்மா, ஏத்து. டாக்டர் சார், கொஞ்சம் இருங்க, பையைக் கீழ வைங்க."

பழைய நிரல் ஏறியது. முதலாளியின் பெயர் புள்ளியோடு கம்பீரமாக ஓடியது. அவர் ஒதுங்கி நின்று வழிவிட்டார். அவள் மறுபடி பத்து இலக்கத்தையும் அழுத்தினாள். ஓர் இலக்கம் தவறியதால் பாதியில் ஒரு தடவை அழித்து முதலிலிருந்து அழுத்த வேண்டியிருந்தது. எடைப் பொத்தான்.

56.50.

செயலாளர் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். நம்பிவிடுகிற ஆளா? பதினான்கை அழுத்தி, எடையை அழுத்திப் பார்த்தார். 0.00. அழித்துவிட்டு, மகளைத் திருப்பி நிறுத்தி, முதுகைப் பார்த்து அவர் கையாலேயே பத்து இலக்கத்தையும் அழுத்தினார். எடை. 56.50.

"அப்ப நான் ரெண்டாவதா எடை போட்டது இவளை இல்ல" என்றார். "பதினாலுங்கிற நம்பர."

"ஆமா சார்."

"அதுக்கு எடை இல்லாதது நியாயம்தான்."

பயிற்சியாளர் குறுக்கே வந்தார். "சார், மிஷின் மொதல்ல காட்டுறதுதான் முடிவுன்னு நீங்கதான் சொன்னீங்க. மொதல்ல காட்டினது நூத்திப் பதினோரு கோடி. அதுவும் ஐம்பத்தேழுக்கு மேலதான்."

"மொதல்ல காட்டினதுதான் முடிவு. அத நான் மாத்தல. அத எப்படிப் படிக்கணும்னு விதியில எங்கயும் போடல. நூத்திப் பதினோரு கோடி கிலோ ஏறி நின்னிருந்தா நானும் நீயும் இப்ப இந்தத் தரைக்கு மேல பேசிக்கிட்டிருப்போமா?" செயலாளர் பேனாவைத் திறந்தார். "ஐம்பத்தாறரை. ஐம்பத்தேழு பிரிவு. போம்மா, கையில கட்டு போடு."

மகள் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். வாசலில் நின்று திரும்பி, "அம்மா, நீ ரிங் பக்கம் வராத. நீ வந்தா எனக்கு எல்லாம் கோளாறாவுது" என்றாள்.

மிச்சம் வரிசையில் நின்றவர்களுக்கு எடை போட வேண்டும். செயலாளர் கையில் சீட்டில்லாத இயந்திரத்தைக் கொடுக்க முடியாது. குறி மறுபடி ஏறியது, புள்ளி மறுபடி போயிற்று. முதலாளி பழைய இடத்தில் போய்த் திரையை மறைத்துக்கொண்டு நின்றார். ஒருவரும் அவரை நகரச் சொல்லவில்லை. சொன்னாலும் நகர்ந்திருக்க மாட்டார்.

அரங்கத்திலிருந்து மணியோசை கேட்டது. கூச்சல் எழுந்து அடங்கியது. இரண்டு பெண்களுக்கும் ஒரே மாதிரிதான் கத்துகிறார்கள், யாருக்கு என்று சுவருக்கு இந்தப் பக்கம் ஒன்றும் விளங்கவில்லை. அவள் ஒரு பாயின்மேல் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். கடைசி மணி அடித்துக் கொஞ்ச நேரம் கழித்து, ஆட்டத்தைப் பார்த்துவிட்டுக் கணவர் வந்தார். லிஃப்ட் கம்பெனியில் அரை நாள் கேட்டு வந்திருந்தார், சீருடையைக்கூட மாற்றவில்லை.

"என்னாச்சு?" என்றாள் அவள்.

"தோத்துட்டா. பாயிண்ட்ல. கடைசி ரவுண்டுல வயித்தப் புடிச்சுக்கிட்டா."

"அழுறாளா?"

"எங்க அழுறா? அந்தப் பொண்ணு மூக்கு வீங்கிக் கிடக்கு. ரெண்டு பேரும் கட்டிப் புடிச்சு போட்டோ எடுத்துக்கிட்டிருக்காங்க."

அவள் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள்.

"எந்தப் பிரிவுன்னு சொல்லித் தோத்ததா அறிவிச்சாங்க?"

"ஐம்பத்தேழுதான். வேற எது?"

அவள் தலையை ஆட்டினாள். பிறகு குனிந்து இயந்திரத்தின் மின்கம்பியைப் பிடுங்கிச் சுருட்ட ஆரம்பித்தாள்.